வீட்டுத் தோட்டத்தில் சிறுகிழங்கு: ஆனி முதல் தை வரை, நெல்லைச் சீமைக்கான முழுமையான வழிகாட்டி

மார்கழி பாதி கடந்ததும் பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் கடைவீதிகளில் பனங்கிழங்குக் கட்டுகளுக்கும் மஞ்சள் குலைகளுக்கும் பக்கத்தில், செம்மண் ஒட்டிய சிறுகிழங்கு குவிந்துவிடும். பொங்கலன்று சேனை, சேம்பு, பிடிகிழங்கு ஆகியவற்றோடு சிறுகிழங்கும் படையலில் இருந்தாக வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். அந்த இரண்டு வாரங்களில் அதன் விலை ஏறிவிடுவதும் எல்லோரும் அறிந்ததே. பத்தடி நீளமும் நாலடி அகலமும் உள்ள ஒரு பாத்தி இருந்தால் ஒரு குடும்பத்தின் பொங்கல் தேவையைத் தாராளமாக நிறைவு செய்துகொண்டு, அடுத்த ஆண்டுக்கு விதைக்கிழங்கும் எடுத்துவைத்துக்கொள்ளலாம்.

வளர்ப்பதற்கு இது கடினமான பயிர் அன்று. ஆனாலும் வீட்டுத் தோட்டங்களில், கொடி தழைதழையென்று படர்ந்து நின்றும் தோண்டிப் பார்த்தால் நாலைந்து சுண்டைக்காய் அளவுக் கிழங்குகளே கிடைத்தன என்று வருந்துவோர் பலர். மண்ணும் உரமும் தண்ணீரும் சரியாக இருந்தும் இப்படி நேர்வதற்குப் பெரும்பாலும் காரணம், நட்ட காலம் தவறியதே. ஆகையால் இந்த வழிகாட்டி பருவக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

பயிரின் இயல்பு

சிறுகிழங்கு துளசி, கற்பூரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டை விரல்களுக்கு இடையில் உருட்டினால் நான்கு பட்டைகளும் தெளிவாகத் தட்டுப்படும். சற்றே தடித்த இலையைக் கசக்கினால் கற்பூரவள்ளியை நினைவூட்டும் மணம் வரும். ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இந்தப் பயிர் இன்று கேரளத்தில் கூர்க்கா என்ற பெயரிலும், இலங்கையில் சிங்களவரிடையே இன்னல என்ற பெயரிலும் வழங்குகிறது. தமிழ்நாட்டில் இது பரவலாகப் பயிராவது நெல்லை, தென்காசிப் பகுதிகளில்தான். ஊதாநிறப் பூ பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. எனவே கிழங்கை முளைக்கவைத்து, அதிலிருந்து வரும் தண்டுகளின் நுனியை வெட்டி நடுவதே முறை.

இதன் தலையாய குணம், பகல் பொழுதின் நீளத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பது. பகல் நீண்டிருக்கும் வரை தண்டும் இலையும் மட்டுமே வளரும்; பகல் குறுகத் தொடங்கிய பிறகே தண்டின் அடியில் கிழங்கு திரளும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழி மாதத்துப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே. ஆனியில் பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேலிருக்கும் பகல், மார்கழியில் பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலாகக் குறைகிறது. நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத இந்த வேறுபாட்டைப் பயிர் துல்லியமாக உணர்ந்துகொள்கிறது.

நாள் கணக்கு

நட்டதிலிருந்து அறுவடை வரை நாலரை முதல் ஐந்து மாதங்கள் ஆகும். தை முதல் நாளுக்கு ஒரு வாரம் முன்பு கிழங்கு கைக்கு வர வேண்டுமானால், ஆடி கடைசி வாரத்துக்கும் ஆவணி முதல் வாரத்துக்கும் இடையில், அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதியில், நடவு முடிந்திருக்க வேண்டும். நடுவதற்கான நுனித்தண்டுகளைத் தரும் நாற்றங்காலுக்கு ஏறக்குறைய ஆறு வாரங்கள் தேவைப்படும் என்பதால், ஆனி நடுப்பகுதியில், ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் வாரத்தில், விதைக்கிழங்கை மண்ணில் ஊன்றிவிட வேண்டும். பொங்கல் நினைவு வந்த பிறகு ஐப்பசியில் தண்டு தேடுவதால் பயனில்லை.

சித்திரையிலோ வைகாசியிலோ நட்டால் கிழங்கும் முன்கூட்டியே வந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. அப்படி நடப்பதில்லை. பகல் குறுகும் வரை பயிர் காத்திருந்து, அதற்குள் தேவையற்ற கொடியை வளர்த்து, தண்ணீரையும் உரத்தையும் தின்றுவிடும். மாறாக, புரட்டாசி கடைசி வரை தாமதித்தால், தண்டு போதிய அளவு வளர்வதற்குள் கிழங்குப் பருவம் வந்துவிடுவதால் எண்ணிக்கையும் பருமனும் குறையும். ஆவணியில் நடும்போது, புரட்டாசி முடிய இலை வளர்ச்சிக்கும், ஐப்பசி முதல் மார்கழி வரை கிழங்கு வளர்ச்சிக்கும் காலம் அளவாகப் பிரிந்து கிடைக்கிறது.

இதே காரணத்தால், இரவு முழுவதும் தெருவிளக்கின் வெளிச்சம் நேராக விழும் மூலையைத் தவிர்த்துவிட்டு வேறிடம் தேர்ந்தெடுப்பது நல்லது. பகலில் குறைந்தது ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடமாக அது இருக்க வேண்டும். தென்னை நிழலிலும் வளரும். ஆனால் நிழல் கூடக் கூடத் தண்டு நீண்டு கிழங்கு சிறுக்கும்.

ரகமும் விதைக்கிழங்கும்

நம் பகுதியில் பெரும்பாலும் நாட்டு ரகமே பயிராகிறது. அதற்கு நல்ல மணமும், வெந்த பின் மாவுபோல் கரையாத கெட்டித்தன்மையும் உண்டு. வீட்டுத் தோட்டத்துக்கு அதுவே போதும் என்பது என் கருத்து. வேறு ரகம் வேண்டுவோருக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கிவரும் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஸ்ரீதாரா இருக்கிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் நிதி, சுபலா என்ற இரண்டு ரகங்களை வெளியிட்டுள்ளது. இவற்றில் சுபலா திசு வளர்ப்பு முறையில் உருவாக்கப்பட்டது. பகல் நீளத்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதது என்பதால் பருவம் தவறி நட விரும்புவோர் அதைத் தேடிப் பெறலாம். மற்றவற்றுக்கு மேலே சொன்ன நாள் கணக்குத்தான்.

முதல் முறை பயிரிடுவோர், பொங்கல் சமயத்தில் கடையில் வாங்கும் கிழங்கிலிருந்தே விதையைப் பிரித்துக்கொள்ளலாம். ஆனியில் போய்த் தேடினால் கிழங்கு கிடைக்காது. மிகச் சிறிய பொடிக்கிழங்கையும் மிகப் பெரியதையும் விலக்கி, 15 முதல் 20 கிராம் எடையுள்ள, தோல் வழவழப்பான, வெட்டுக்காயமோ முண்டுமுடிச்சோ இல்லாத கிழங்குகளைப் பொறுக்க வேண்டும். முடிச்சு உள்ள கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது. காரணத்தை நூற்புழுவைப் பற்றிய பகுதியில் விரிவாகச் சொல்கிறேன். பத்தடிக்கு நாலடிப் பாத்திக்குக் கால் கிலோ விதைக்கிழங்கு தாராளம். ஒரு சென்ட் நிலம் நடுவோருக்கு முக்கால் கிலோவும், இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று கூடுதலான நாற்றங்கால் இடமும் தேவைப்படும்.

நாற்றங்கால்

ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியிருக்கும். செங்கோட்டை, தென்காசி, கடையம் பக்கத்தவர்களுக்கு அந்த ஈரக்காற்றே நாற்றங்காலுக்குப் பாதி வேலையைச் செய்துவிடும். கிழக்கே திருநெல்வேலி, நாங்குநேரி, ராதாபுரம் பகுதிகளில் அதே காற்று மழையை மலையிலேயே விட்டுவிட்டு வறண்டு வீசுவதால், தினமும் தண்ணீர் தெளிப்பதும், காற்று வரும் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றால் ஒரு தட்டி கட்டுவதும் அவசியம்.

மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, மக்கிய தொழு உரத்தைச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ வீதம் கலந்து, 30 செ.மீ. இடைவெளியில் சிறு பார்கள் (நீண்ட மண்மேடுகள்) அமைக்க வேண்டும். கிழங்குகளை 15 செ.மீ. தள்ளித் தள்ளி, நாலு விரற்கடை ஆழத்தில் ஊன்றி மூட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகிவிடக் கூடாது. இரண்டு வாரங்களுக்குள் முளைகள் மேலே வந்துவிடும். மூன்றாவது வாரத்தில் கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த நீரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஒரு முறை ஊற்றினால் தண்டுகள் திடமாக எழும்பும். ஆறாவது வாரத்தில் ஒவ்வொரு தூரிலும் வெட்டுவதற்கு ஏற்ற பல தண்டுகள் நிற்கும். நுனி வெட்டிய பிறகும் பக்கக் கிளைகள் விடுவதால், இரண்டு மூன்று வாரங்களில் இன்னொரு முறையும் தண்டு எடுக்கலாம். நடவில் பட்டுப்போன இடங்களை நிரப்ப அது உதவும்.

மண்ணும் பாரும்

நீர் வடியும் செம்மண்ணும் செம்மண் கலந்த மணற்பாங்கான மண்ணும் இந்தப் பயிருக்கு மிகவும் ஏற்றவை. கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பகுதிகளில் அது தானாகவே வாய்த்திருக்கிறது. தாமிரபரணிக் கரையோர வண்டலில் செழிப்பாக வளரும். ஆனால் வடிகால் வைத்தாக வேண்டும். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் நடுவோர், தொழு உரத்தை இரு மடங்காக்கி, தண்ணீரைக் குறைத்துக் குறைத்து அடிக்கடி பாய்ச்ச வேண்டும். கோவில்பட்டி, சங்கரன்கோவில், கயத்தாறு பக்கத்துக் கரிசல்தான் சிக்கலானது. மழைக்குக் குழைந்து, வெயிலுக்கு இறுகிவிடும் அந்த மண்ணில் கிழங்கு பெருக்க இடமின்றித் தவிக்கும், பிடுங்கும்போதும் அறுந்துபோகும். அங்கே உள்ளவர்கள் மணலும் தொழு உரமும் சேர்த்து, தரைக்கு மேலே ஓரடி உயரத்துக்குப் பாத்தி எழுப்பி நடுவதே நல்லது.

நடவுக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே ஓரடி ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்தி, கல்லும் கட்டியும் நீக்கி, வெயிலில் ஆறவிட வேண்டும். பிறகு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் நன்கு மக்கிய தொழு உரமும் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்துவிட வேண்டும். மக்காத பச்சைச் சாணம் வேர்ப்புழுவை அழைத்து வரும் என்பதால் அதைப் போடவே வேண்டாம்.

பார்களை ஒரு சாண் உயரத்துக்கு எழுப்ப வேண்டும். வயல் சாகுபடிக்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. என்ற இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. வீட்டுத் தோட்டத்தில் பாருக்குப் பார் 45 செ.மீ. விடுவதையே நான் விரும்புகிறேன். பின்னால் இரண்டு முறை மண் அணைக்க வேண்டியிருக்கும். அதற்கு இடையில் மண் இருக்க வேண்டும், உட்கார்ந்து வேலை செய்யக் கால் வைக்கவும் இடம் வேண்டும். இந்தக் கணக்குப்படி நாலடி அகலப் பாத்தியில் பத்தடி நீளத்துக்கு மூன்று பார்கள் வரும். பாருக்கு இருபது வீதம் அறுபது தண்டுகள் பிடிக்கும்.

நடவு

நடுவதற்கு முதல் நாள் மாலை பார்களை நனைத்துவைக்க வேண்டும். மறுநாள் வெயில் சாய்ந்த பிறகு, நாற்றங்காலில் 10 முதல் 15 செ.மீ. நீளத்துக்கு நுனித்தண்டுகளைக் கூரிய கத்தியால் வெட்டி, அடியிலுள்ள இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியைக் கரைத்து, அதில் தண்டின் அடிப்பகுதியை அரை மணி நேரம் வைத்து எடுத்தால் அழுகல் நோய்க்கு முன்தடுப்பாகும்.

தண்டை நட்டுக்குத்தலாக ஊன்றுவதைவிட, பாரின் மேல் சாய்த்துக் கிடத்தி, கணுக்கள் இரண்டு மூன்று மண்ணுக்குள் போகும்படி புதைத்து, நுனிக்கொழுந்தை மட்டும் வெளியே விடுவதே சிறந்தது. ஒவ்வொரு கணுவிலிருந்தும் வேர் இறங்கும். பிற்பாடு கிழங்கு பிடிப்பதும் தண்டின் அடிக்கணுக்களைச் சுற்றித்தான். மண்ணை விரல்களால் லேசாக அழுத்திவிட்டுப் பூவாளியால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஆடிக்காற்று ஓய்ந்திராத ஊர்களில், முதல் ஐந்தாறு நாட்களுக்கு வேப்பங்குழையோ தென்னங்கீற்றோ வைத்து மறைப்புக் கொடுத்தால் தண்டு வாடாமல் பிடித்துக்கொள்ளும். பத்து நாட்கள் கழித்துப் பார்த்து, பட்டுப்போன இடங்களில் மறுநடவு செய்துவிட வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் முந்திய செடிகளின் நிழலில் பிந்தியவை எழும்பாது.

தண்ணீரும் களையும்

நட்ட முதல் வாரம் தினமும், அதன் பிறகு மண்ணின் ஈரத்தைப் பார்த்து இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை தண்ணீர் போதும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஓர் அங்குல ஆழத்தில் ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பெரும்பாலும் தண்ணீர் பாய்ச்சும் வேலையே இராது. கிழக்குப் பகுதிகளில் கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால், மாடியில் சேமித்த மழைநீரைக் கலந்து ஊற்றுவது இலைக்கருகலைத் தவிர்க்கும்.

முதல் இரண்டு மாதங்களில் களை எடுக்கத் தவறக் கூடாது. கொடி பாரை மூடிய பிறகு களை தானே அடங்கிவிடும்.

மண் அணைத்தல்

விளைச்சலைக் கூட்டும் வேலைகளில், நடவு நாளுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. இதைச் செய்த பாருக்கும் செய்யாத பாருக்கும் உள்ள வேறுபாட்டை அறுவடையன்று கண்ணாலேயே காணலாம்.

நட்ட 45ஆம் நாள், அதாவது புரட்டாசி நடுப்பகுதியில், முதல் அணைப்புச் செய்ய வேண்டும். களையை எடுத்துவிட்டு, சதுர மீட்டருக்கு 50 கிராம் பொடித்த கடலைப் பிண்ணாக்கும் 100 கிராம் சலித்த விறகுச் சாம்பலும் செடிகளின் இரு பக்கமும் தூவ வேண்டும். பிறகு இரண்டு பார்களுக்கு இடையிலுள்ள மண்ணைக் களைக்கொத்தியால் இழுத்துத் தண்டுகளின் அடிக்கணுக்கள் மறையும்படி அணைத்துவிட வேண்டும். பிண்ணாக்கு தழைச்சத்தையும் சாம்பல் சாம்பல்சத்தையும் தருகின்றன. கிழங்குப் பயிருக்குச் சாம்பல்சத்தே அதிகம் தேவை. விறகடுப்புச் சாம்பல் கிடைக்காதவர்கள் சதுர மீட்டருக்கு 8 கிராம் பொட்டாஷ் இடலாம். மண் ஏற்கெனவே காரத்தன்மை கொண்ட கரிசலாக இருந்தால் சாம்பலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். யூரியாவை அள்ளிப்போடும் பழக்கத்தை இந்தப் பயிரில் கட்டாயம் விட்டுவிட வேண்டும். மிகுதியான தழைச்சத்து முழுவதும் கொடியாகிவிடும். கிழங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது.

இரண்டாவது அணைப்பு அதற்கு ஒரு மாதம் கழித்து, ஐப்பசி நடுப்பகுதியில். இப்போது ஒரு செடியின் அடியில் மண்ணை மெல்ல ஒதுக்கிப் பார்த்தால், தண்டின் கணுக்களிலிருந்து வெளிறிய மெல்லிய இழைகள் கிளம்பி, அவற்றின் நுனி மிளகளவுக்குத் திரண்டிருப்பது தெரியும். அவைதான் கிழங்காகப் போகின்றன. அடைமழை பாரை அரித்து இவற்றை வெளியே காட்டிவிட்டால், வெயில் பட்டுப் பச்சையாகி வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் பாரைச் சுற்றி வந்து, கரைந்த இடங்களில் மண் ஏற்றிவிட வேண்டும். படர்ந்து போய்ப் பக்கத்துப் பார்களில் வேரூன்றும் கொடிகளை மெதுவாகத் தூக்கித் திருப்பிவிடுவதும் அப்போதே செய்ய வேண்டியது. அங்கங்கே வேர்விட்டுப் பொடிக்கிழங்காகச் சிதறுவதைவிடத் தாய்த்தூரில் பெருங்கிழங்காகத் திரளுவது நல்லது.

வேர்முடிச்சு நூற்புழு

இந்தப் பயிரின் பெரும்பகை இது. கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு வேருக்குள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கும். செடி காரணமின்றி வெளிறும், வெயிலில் எளிதில் வாடும். கிழங்கின் மேல் பரு பருவாக முண்டுகள் எழும்பி, தோல் வெடித்து, அறுத்த சில நாட்களிலேயே அழுகும். பயிர் நிற்கும்போது இதைக் கண்டுபிடித்தாலும் அப்போது செய்வதற்கு அதிகமில்லை. எல்லாப் பாதுகாப்பும் நடவுக்கு முன்பே செய்யப்பட வேண்டும்.

முதலாவது, இடத்தை மாற்றுவது. தக்காளி, கத்தரி, வெண்டை ஆகியவை நூற்புழுவை நன்றாக வளர்த்துவிடும் பயிர்கள். அவை நின்ற பாத்தியில் அடுத்ததாகச் சிறுகிழங்கு நடக் கூடாது. சிறுகிழங்கு எடுத்த இடத்திலேயே மறு ஆண்டும் நடுவது அதைவிடக் கேடு. துலுக்கச் சாமந்தியோ எள்ளோ நின்ற இடம் மிகவும் நல்லது. துலுக்கச் சாமந்தியின் வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவை அழிக்கும் தன்மை கொண்டது. சித்திரை, வைகாசியில் பாத்தி காலியாக இருந்தால், மண்ணை நனைத்து, ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் இறுக மூடி, ஓரங்களில் மண் போட்டு ஒரு மாதம் விட்டுவிடலாம். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயில் தாளுக்கு அடியிலுள்ள மண்ணைச் சுட்டு, மேல்மண்ணில் இருக்கும் நூற்புழுக்களையும் களை விதைகளையும் பெருமளவு கொன்றுவிடும்.

ஸ்ரீகாரியம் நிலையம் பரிந்துரைக்கும் இன்னொரு வழி, அங்கே வெளியிடப்பட்ட ஸ்ரீபத்ரா என்ற சர்க்கரைவள்ளி ரகத்தைச் சிறுகிழங்குக்கு முந்திய பயிராக நடுவது. நூற்புழுக்கள் அதன் வேருக்குள் புகுந்துவிடும். ஆனால் அங்கே பெருகி வாழ முடியாமல் மடியும். சர்க்கரைவள்ளியும் சாப்பிடக் கிடைக்கும், மண்ணும் தூய்மையாகும் என்பதால் இடவசதி உள்ளவர்கள் தை முடிந்ததும் இதைச் செய்து பார்க்கலாம். இவற்றோடு, கடைசி உழவில் இடும் வேப்பம் பிண்ணாக்குடன் பர்பூரியோசிலியம் லிலாசினம், டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணங்கள் இரண்டையும் தொழு உரத்தில் கலந்து இரண்டு வாரம் நிழலில் வைத்து இடுவது பலன் தரும்.

மற்ற பகைகள்

இலையைச் சுருட்டி அதற்குள் இருந்து தின்னும் பச்சைப் புழு, ஆவணி, புரட்டாசியில் தென்படும். அறுபது செடிகள் உள்ள பாத்திக்கு மருந்து தெளிப்பதைவிட, காலையில் சுற்றி வந்து சுருண்ட இலைகளைக் கிள்ளி நசுக்குவதே விரைவான வழி. மிகுந்துவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் சேர்த்து மாலையில் தெளிக்கலாம்.

கார்த்திகைக்குப் பிறகு எலியும் பெருச்சாளியும் கிழங்கைத் தேடி வரும். பாத்திக்குப் பக்கத்தில் விறகுக் குவியல், ஓட்டுக் குவியல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையம், சிவசைலம் போன்ற மலையடிவார ஊர்களில் காட்டுப்பன்றி ஒரே இரவில் பாத்தி முழுவதையும் கிளறிவிடும். அங்கே உறுதியான வேலி இல்லாமல் இந்தப் பயிரைத் தொடங்க வேண்டாம்.

அடைமழைக்கு ஆயத்தம்

ஐப்பசி, கார்த்திகை மழை இந்தப் பயிருக்கு வரம். ஆனால் பாரின் அடியில் தேங்கி நிற்கும் நீர் இரண்டு நாட்களிலேயே கிழங்கை அழுகவைக்கத் தொடங்கும். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளக்காடாயின. அறுவடைக்கு மூன்று வாரமே இருந்த காலம் அது. அத்தகைய மழைக்கு எந்தப் பாத்தியும் முழுமையாக ஈடுகொடுக்காது. எனினும் வழக்கமான பெருமழைகளைத் தாங்குவதற்குப் புரட்டாசிக்குள் மூன்று வேலைகளை முடித்துவிடலாம்: பார்களுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களை ஆழப்படுத்துவது, அவற்றின் கடைசியில் நீர் வெளியேற ஒரு பக்கம் சரிவு வைப்பது, வீட்டுக் கூரைத் தண்ணீர் பாத்திக்குள் விழாதபடி திருப்பிவிடுவது.

மண் இல்லாதவர்களுக்கு

மாடியில் வளர்ப்போர், ஒன்றரை அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள வளர்ப்புப் பையில் செம்மண், மக்கிய தொழு உரம், தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம அளவில் கலந்து, முதலில் பாதி உயரத்துக்கு மட்டும் நிரப்பி, பைக்கு மூன்று தண்டுகள் நடலாம். கொடி உயர உயர மீதிக் கலவையை இட்டு வந்தால் அதுவே மண் அணைப்பாகிவிடும். பையின் அடியில் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். நிலத்தில் கிடைக்கும் விளைச்சல் பையில் கிடைக்காது. இடம் இருப்பவர்கள் நிலத்திலேயே நடுவதுதான் சரி.

அறுவடை

மார்கழி நடுப்பகுதிக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகி, கொடி வதங்கிச் சாயும். அதுவே முதிர்ச்சியின் அடையாளம். கொடி பச்சையாக இருக்கும்போதே அவசரப்பட்டுத் தோண்டினால் தோல் பிடிக்காத, நீர்ச்சத்து மிகுந்த கிழங்கே கிடைக்கும். கொடி காய்ந்த பின்னும் நெடுநாள் மண்ணில் விட்டுவிட்டால் எலிக்கும் அழுகலுக்கும் இரையாகும்.

தோண்டுவதற்கு ஒரு வாரம் முன்பு தண்ணீரை நிறுத்திவிட்டு, கொடிகளை அடியோடு அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். செம்மண் இறுகியிருந்தால் முதல் நாள் சிறிது தண்ணீர் தெளித்து இளக்கலாம். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, பாரையே பெயர்த்துப் புரட்டி, பிறகு கையால் பொறுக்குவதே கிழங்கு வெட்டுப்படாத முறை. கிழங்குகள் தூரைச் சுற்றிக் கொத்தாகவே இருக்கும். ஆனாலும் உதிர்ந்தவை மண்ணில் மறைந்திருக்கும் என்பதால் இரண்டு முறையாவது மண்ணைக் கோதிப் பார்க்க வேண்டும். நல்ல பராமரிப்பில் சதுர மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை எதிர்பார்க்கலாம். நாம் கணக்கிட்ட பாத்தியில் அது ஐந்து முதல் ஏழு கிலோ.

சமையலுக்கு வைத்திருக்கும் கிழங்கைக் கழுவாமல், மண்ணை மட்டும் உதறி, நிழலில் பரப்பிவைத்தால் சில வாரங்கள் தாங்கும். தோல் நீக்குவதுதான் பலருக்கு மலைப்பு. அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, சொரசொரப்பான சணல் சாக்கில் போட்டு வாயைக் கட்டி, கல்தரையில் வைத்து நன்றாகப் புரட்டித் தேய்த்தால் பெரும்பகுதித் தோல் உரிந்துவிடும். மீதியைக் கத்தியால் சுரண்டிக்கொள்ளலாம். கறை கையில் ஏறாமலிருக்க முதலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். தோல் நீக்கிய கிழங்கை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். புளிக்குழம்பில் போட்டாலும், சின்ன வெங்காயமும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்தாலும், புதிதாக எடுத்த கிழங்கின் மணம் கடைக்கிழங்கில் இராது.

விதை எடுத்துவைத்தல்

சமையலுக்குப் பிரிப்பதற்கு முன்பே விதையைப் பிரித்துவிட வேண்டும். பொங்கல் முடிந்து மிஞ்சுவதிலிருந்து எடுப்பது வழக்கமாகிவிட்டால், ஆண்டுதோறும் பொடிக்கிழங்கே விதையாகி ரகம் தேய்ந்துகொண்டே போகும். அதிகக் கிழங்கு பிடித்த, முடிச்சு இல்லாத தூர்களைத் தோண்டும்போதே தனியாக வைத்து, அவற்றிலிருந்து நடுத்தரக் கிழங்குகளை அரைக் கிலோ பொறுக்க வேண்டும். தேவை கால் கிலோ என்றாலும், ஐந்து மாதச் சேமிப்பில் கொஞ்சம் கழியும்.

நான்கைந்து நாட்கள் நிழலில் உலர்த்திய பின், வாயகன்ற மண்பானையில் காய்ந்த மணலை ஓர் அடுக்கு பரப்பி, அதன் மேல் கிழங்குகளை ஒன்றோடொன்று உரசாமல் வைத்து, மறுபடி மணல், மறுபடி கிழங்கு என்று அடுக்கி, மேலே மெல்லிய துணியால் கட்டி, காற்றோட்டமுள்ள, வெயில் படாத மூலையில் வைக்க வேண்டும். மணலில் சிறிது வேப்பிலைத்தூள் கலந்தால் மாவுப்பூச்சி அண்டாது. மாதம் ஒரு முறை பானையைக் கவிழ்த்துப் பார்த்து, மெத்தென்று ஆனவற்றை நீக்கிவிட்டு மீண்டும் அடுக்க வேண்டும். வைகாசிக் கடைசியில் கண்களில் முளை தட்டுவது தெரிந்தால் அது நல்ல அறிகுறி. முளைகளை உடைத்துவிடாமல் வெளியே எடுத்து, ஆனி நடுப்பகுதியில், சென்ற ஆண்டு சிறுகிழங்கு நிற்காத வேறொரு பாத்தியில் நாற்றங்காலைத் தொடங்கலாம்.